கிளிநொச்சியில் வாங்கின ஹெல்மெட்

போன வருசம் ஒரு இரவு, மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஏ9 வீதியில் படுத்திருந்த மாட்டைக் கடைசி நேரத்தில் கண்டு பிறேக் அடித்து மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். தெருவோரத்தில் மலிவாக வாங்கின ஹெல்மெட் பட்டி அறுந்து எனக்கு முன்னால் உருண்டு போனது. உள்ளங்கை உரிந்து, இரண்டு கிழமை சோறு குழைத்துச் சாப்பிட முடியவில்லை.

அதுக்குப் பிறகுதான் கிளிநொச்சியில் ஒரு ஹெல்மெட் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை விலை சொல்ல முதல் நாடாவை எடுத்து, புருவத்துக்குக் கொஞ்சம் மேலால் சுற்றி அளந்தார், 58 சென்ரிமீற்றர். பட்டியைப் பூட்டிவிட்டு, பின்பக்கத்தால் மேலே தள்ளிக் கழற்றிப் பார் என்றார். கழரவில்லை, கன்னத்தை நல்லா இறுக்கினது. "அப்பிடித்தான் தம்பி இருக்கோணும், போடப் போட உள்பஞ்சு படிஞ்சிடும்." இலங்கைத் தரச் சான்றான எஸ்எல்எஸ் முத்திரையையும் காட்டினார். உள்ளே இருக்கிற றெஜிபோம் என்கிற வெள்ளை நுரை நசுங்கித்தான் அடியைத் தாங்கும், அதனால் ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும் என்று அவர் விளங்கப்படுத்தினதுதான் எனக்குப் பெரிய பாடம்.

உள்ளங்கையில் கெட்டித் தோல் வைத்த கையுறையும் எடுத்தேன், அருமை. மத்தியான வெயிலில் ஹெல்மெட் அவியும், கிரவல் புழுதிக்கு அதின்ர முன்கண்ணாடி கெதியாகக் கீறுப்படும், அவ்வளவுதான் குறை.

சின்னப்பிள்ளைகளின் அளவு மட்டும் கடையில் இல்லை. அண்ணை, அதைக் கட்டாயம் எடுப்பியுங்கோ, பெற்றோல் ராங்கில் வெறுந்தலையோடு இருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைத் தினமும் காண்கிறேன்.