கோயில் லைவுக்கு என்கோடர் வாங்கப் போற தோட்டக் கொமிட்டிகள் காசு குடுக்க முன்னாடி இத படிங்க

மாசி பங்குனி வந்துட்டா நம்ம பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் திருவிழா தான், இப்ப எல்லா கொமிட்டியும் லைவ் போடணும்னு பேசிக்கிட்டு இருக்கிறாங்க, அதனால தான் இத எழுதுறேன். ஹட்டன் பக்கம் ஒருத்தரு ஸ்ட்ரீமிங் என்கோடர்னு, கெமரா படத்த சுருக்கி நெட்டுக்கு அனுப்புற ஒரு பொக்ஸும், அத பூட்டி செட் பண்ணிக் குடுக்கிற கூலியும் சேத்து எங்க கொமிட்டிகிட்ட 85,000 ரூபா வாங்கி ஏமாத்திட்டாரு. பேரு இப்ப போடல, முறைப்பாடு குடுத்திருக்கோம், அது முடியட்டும். ஆனா அவரு செஞ்ச மாதிரி செய்றவங்க இன்னும் இருப்பாங்க, அதனால என்னென்ன செஞ்சாருன்னு முழுசா சொல்றேன்.

இந்த 85,000 யாரு காசுன்னா, குவைத்துலயும் கட்டார்லயும் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற நம்ம அக்கா தங்கச்சிங்க, கொழும்புல கடையில நிக்கிற பசங்க, அவங்க ஆளுக்குக் கொஞ்சமா அனுப்பினது. அவங்களால திருவிழாவுக்கு லீவு எடுத்து வர முடியாது, அம்மன் தேர் லயத்துப் பக்கம் வர்றத போன்லயாவது பாக்கணும், அவ்வளவு தான் அவங்க கேட்டது.

போன்லயே லைவ் போடலாமேன்னு கேப்பீங்க. அர மணித்தியாலத்துக்கு சரி, திருவிழாவுக்கு சரி வராது. போன் சூடாகி நின்னுடும், தூரத்துல இருந்து சாமிய கிட்டத் தெளிவா காட்டுறது கஷ்டம், தனி சாமான் இல்லாம மைக் செட்டுல இருந்து நேரா சத்தம் எடுக்கவும் முடியாது. நல்ல கெமராவுல இருந்து எச்டிஎம்ஐ வயர்ல வர்ற படம் 1080ங்கிற முழு எச்டி அளவுல செக்கனுக்கு ஒரு கிகாபிட்டுக்கும் மேல வரும், அத நம்ம பக்கத்து நெட் ஒண்ணும் தாங்காது, என்கோடர் தான் அத எச்264ங்கிற சுருக்குற முறையில ரெண்டு மூணு மெகாபிட்டுக்குச் சுருக்கி யூடியூப், பேஸ்புக் சர்வருக்கு அனுப்புது. அதனால பொக்ஸ் தேவ தான், அதுல பிழை ஒண்ணும் இல்ல.

கடையில போய் கேட்டப்ப அவரு டெமோ காட்டினாரு, சொவத்துல பெரிய டீவி, அதுல கண்ணாடி மாதிரி படம் ஓடுது. தலைவர் மாமா தான் கேட்டாரு, "இது எங்க தோட்டத்துலயும் இப்பிடியே வருமா தம்பி"ன்னு. "ஐயா நீங்க ஒண்ணுக்கும் பயப்பிடாதீங்க, யூடியூப் பேஸ்புக் ரெண்டுக்கும் ஒரே நேரத்துல போகும், புது பொக்ஸ், ஒரு வருசம் வாரண்டி, நானே வந்து எல்லாம் செஞ்சு தாறேன்"ன்னாரு. அந்த டெமோ அவரோட கடை பைபர் லைன்ல, அவரோட சேனல்ல, யூடியூப்புக்கு மட்டும் ஓடினது. எங்களுக்கோ தோட்டத்துல பைபர் கிடையாது, 4ஜி ரவுட்டர் தான், அது அவருக்கு மொதல்லயே சொல்லித் தான் பேசினோம். பில் கேட்டதுக்கு ஒரு கையெழுத்து பில் தந்தாரு, அதுல "லைவ் மெசின் 1"னு மட்டும் இருக்கு, மொடல் நம்பர் இல்ல, சீரியல் நம்பர் இல்ல.

கொடியேத்தத்துக்கு மொத நாள் ஆள் வந்து பூட்டினாரு, அவசர அவசரமா. அப்ப தான் புதுசா ஒண்ணு சொல்றாரு, மாசம் 4,500 ரூபா "சர்வர் காசு" கட்டணுமாம். என்ன சர்வர்னு கேட்டா "லைவ் போற சர்வர்"ங்கிறாரு. தெரிஞ்சிக்கோங்க, யூடியூப்ல லைவ் போட ஒரு சதமும் இல்ல, பேஸ்புக்லயும் இல்ல. அவரு பூட்டினது நேரா யூடியூப்புக்குத் தான் போச்சு, நடுவுல அவரோட சர்வர்னு ஒண்ணும் கிடையாது. திருவிழா நேரத்துல பிரச்சின வேணாம்னு ஒரு மாசக் காசக் குடுத்து விட்டாங்க பெரியவங்க.

கரகம் அன்னைக்கு ராத்திரி ஆத்துல பாலிச்சு, தப்படிச்சு, கோயிலுக்கு வந்துக்கிட்டு இருக்கு. கெமராவுல படம் நல்லா இருக்கு, பொக்ஸ்ல பச்ச லைட் எரியுது, ஆனா வட்ஸ்அப் குரூப் நெறைய மெசேஜ் வந்து விழுது, யாருக்கும் படம் தெரியலயாம். குவைத்துல இருந்து எங்க அத்த வொய்ஸ் போட்டிருக்கா, "தம்பி தப்பு சத்தம் விட்டு விட்டு கேக்குதுடா, அம்மன் மொகத்தக் காட்டுங்கய்யா, எனக்கு வட்டம் தான் சுத்திக்கிட்டே இருக்கு"ன்னு. அத்த வேல முடிச்சிட்டு தூங்காம முழிச்சிக்கிட்டு இருந்து பாக்க உக்காந்தது. பேஸ்புக்ல ஒண்ணுமே வரல, கறுப்புக் கூட வரல. பூட்டினவருக்குக் கோல் எடுத்தா தூக்கல, எடுத்துக்கிட்டே இருந்தோம், கடைசியில தூக்கி "ஒங்க தோட்டத்துல சிக்னல் சரியில்ல தம்பி, அதுக்கு நான் என்ன செய்றது"ன்னு வச்சிட்டாரு.

சிக்னல் கொறவுன்னு சொன்னா நம்ம ஆளுங்க ஒடனே நம்பிடுவாங்க, ஏன்னா உண்மையிலயே கொறவு தான். ஆனா அன்னைக்குப் பிரச்சின அது இல்ல.

மறுநாள் கொழும்புல இருந்து மச்சான் வந்தான் திருவிழாவுக்கு, அவன் கல்யாண வீடு, கூட்டங்களுக்கு லைவ் போடுற டீம்ல வேல செய்றவன். லெப்டொப்ப பொக்ஸோட வயர் போட்டு இணைச்சு, அடியில ஒட்டியிருந்த 192.168.1.168ங்கிற முகவரிய பிரௌசர்ல அடிச்சான், வரல. அப்புறம் ரவுட்டருக்குள்ள போய்ப் பாத்தா பொக்ஸ் 192.168.8ல ஆரம்பிக்கிற முகவரியில இருக்கு, அதுல போனா லொகின் பக்கம் வந்துச்சு. யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின், ஃபெக்டரியில இருந்து வந்தத மாத்தவே இல்ல. கோயில் வைபைல இருக்கிற எந்தப் பய வேணும்னாலும் உள்ள போய் நிப்பாட்டிருக்கலாம்.

உள்ள போன ஒடனே எழுத்துப் போடுற எடத்த காட்டினான் மச்சான், படத்துக்கு மேல பேரு போடுற செட்டிங். அதுல ஒரு கல்யாணப் பொண்ணு மாப்பிள பேரும் 2018ம் ஆண்டு திகதியும் அப்பிடியே கெடக்கு! ஓப் பண்ணி வச்சிருக்காரு, ஆனா அழிக்கல. புதுப் பொக்ஸ்னு வித்தது இத தான். பொக்ஸ திருப்பிப் பாத்தா பக்கவாட்டுல ஸ்டிக்கர் உரிச்ச பசை, ஸ்குரூ ரெண்டு வேற வேற நெறம்.

பேஸ்புக் ஏன் வரலங்கிறதுக்கும் அந்தப் பழசு தான் காரணம். லைவ் படத்த சர்வருக்கு அனுப்புற வழிக்கு ஆர்டிஎம்பின்னு பேரு, பேஸ்புக் 2019ல இருந்து சாதா ஆர்டிஎம்பிய ஏத்துக்கிறது இல்ல, ஆர்டிஎம்பிஎஸ்னு பூட்டுப் போட்ட வழியில வந்தா தான் எடுக்கும். இந்தப் பொக்ஸோட சொப்ட்வெயார்ல அந்த வசதியே கிடையாது, பழைய ஆர்டிஎம்பி மட்டும் தான். அதாவது இது பேஸ்புக்குக்கு எங்க தோட்டத்துல மட்டும் இல்ல, அவரோட கடையிலயும் போயிருக்காது, கொழும்புலயும் போகாது. தெரிஞ்சு தான் வித்திருக்காரு, அதனால தான் கடையில யூடியூப் மட்டும் காட்டினாரு. வாங்குறப்ப "ஆர்டிஎம்பிஎஸ் இருக்கா"ன்னு கேளுங்க, இருக்குன்னு சொன்னா பேஸ்புக்ல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. சில பொக்ஸுக்கு கம்பெனி அப்டேட் போட்டு அந்த வசதிய குடுக்கும், ஆனா அது சரியா அந்த மொடலுக்குன்னு வந்ததா இருக்கணும், வேற மொடலுக்கு வந்தத ஏத்தினா பொக்ஸே செத்துடும், அதனால நெட்ல கெடச்சத எல்லாம் ஏத்தப் போகாதீங்க.

யூடியூப் ஏன் விட்டு விட்டு வந்துச்சுன்னா, பிட்ரேட்ட, அதாவது செக்கனுக்கு அனுப்புற டேட்டா அளவ, 8,000ல வச்சிருக்காரு, அதாவது செக்கனுக்கு 8 மெகாபிட். கடை பைபருக்கு வச்சத அப்பிடியே கொண்டு வந்து பூட்டியிருக்காரு. எங்க ரவுட்டர்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டா டவுன்லோட் நல்லா காட்டும், அப்லோட், அதாவது நாம அனுப்புற வேகம், நாலு அஞ்சு மெகாபிட்டுக்குள்ள தான் நிக்கும், லைவுக்கு வேண்டியது அப்லோட் மட்டும் தான். கொழுந்து லொறி போற ரோட்டுல கண்டெய்னர விட்ட மாதிரி தான் இது, எங்கயாவது ஒரு வளைவுல நின்னு தான் ஆகும். அதோட ராத்திரி கோயில்ல சனம் கூடி எல்லாரும் போன எடுத்து போட்டோ வீடியோ அனுப்ப ஆரம்பிச்சா டவர்ல இன்னும் கொறையும். அதனால டெஸ்ட்ட பகல்ல ஆள் இல்லாத நேரம் போட்டுட்டு நம்பாதீங்க, சாயந்தரம் போட்டுப் பாருங்க, வர்ற அப்லோட்ல பாதிக்கு மேல பொக்ஸுக்குக் குடுக்காதீங்க.

இன்னொன்னு கீபிரேம். அது என்னன்னா, படம் முழுசா ஒரு தடவ போகும், அதுக்குப் பின்னாடி மாறினது மட்டும் போகும், மறுபடி முழுப் படம் போகும், அந்த முழுப் படம் எத்தன நேரத்துக்கு ஒருக்கா வருதுங்கிறது தான். யூடியூப் 2 செக்கன் தான் நல்லதுங்குது, 4 செக்கனுக்கு மேல போகக் கூடாது, போனா எச்சரிக்க காட்டும். இந்தப் பொக்ஸ்ல அத பிரேம் கணக்குல போடணும், செக்கனுக்கு 25 பிரேம்னா 50, 30 பிரேம்னா 60. அவரு போட்டிருந்தது 300, அதாவது 25 பிரேம்ல 12 செக்கன். நெட் ஒரு தடவ விட்டா 12 செக்கன் வரைக்கும் படம் ஒடைஞ்சு கெடக்கும், அத்தைக்கு வட்டம் சுத்தினது இதுனாலயும் தான். யூடியூப் ஸ்டூடியோ பக்கத்துல அந்த எச்சரிக்க வந்திருக்கும், அந்தப் பக்கத்தப் பாக்க எங்களுக்கு வழி இல்ல, ஏன்னா சேனல் அவரோட ஜிமெயில்ல தெறந்தது.

இது தான் எனக்கு ரொம்ப ஆத்திரம். கோயில் பேரு, கோயில் கோபுரம் படம், எல்லாம் போட்டு சேனல் தெறந்திருக்காரு, ஓனர் அவரு. கரகத்தோட வீடியோ கொஞ்சமா அதுல பதிவாகியிருந்துச்சு, நாங்க சண்ட போட்ட பின்னாடி அத பிரைவேட்டாக்கிட்டாரு, சர்வர் காசு பாக்கிய கட்டினா தெறக்கிறாராம். நம்ம சாமி, நம்ம சனம் ஆடினது, நம்ம பாட்டன் காலத்துக் கோயில், அதுக்கு இன்னொருத்தரு பூட்டுப் போட்டு வாடக கேக்குறாரு.

மச்சான் படத்த 1080 விட சின்ன அளவான 720ல வச்சு, பிட்ரேட் 2,000, கீபிரேம் 50, சத்தம் 128 கிலோபிட்டுன்னு மாத்தினான். சத்தத்த எச்டிஎம்ஐல இருந்து எடுக்காம மைக் செட் மிக்சர்ல இருந்து பொக்ஸோட லைன் இன்ங்கிற சத்தம் வாங்குற ஓட்டைக்கு வயர் குடுத்தான், நாதஸ்வரம் அப்ப தான் தெளிஞ்சது. ரவுட்டர தகரக் கூரைக்குள்ள இருந்து எடுத்து டவர் மலை தெரியிற பக்கம் வாசல்ல வச்சோம். இந்த அளவுல ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி கிட்ட டேட்டா போகும், பிட்ரேட்ட 4,000ல வச்சா ரெண்டு ஜிபி கிட்ட, பேக்கேஜ் போட முன்னாடி அந்தக் கணக்கப் பாத்துக்கோங்க.

புது யூடியூப் சேனல்ல அன்னைக்கே லைவ் போட முடியாது, போன் நம்பர் வெரிபை பண்ணி லைவ மொத தடவ ஓன் பண்ணினா 24 மணித்தியாலம் வரைக்கும் காத்திருக்கணும். தேர் அன்னைக்குக் காலையில அதுக்கு நேரம் எங்க. அதனால பொக்ஸ்ல இருந்து லெப்டொப்புக்கு படத்த எடுத்து, ஓபிஎஸ்னு ஒரு இலவச சொப்ட்வெயார் இருக்கு, அதுல இருந்து ஆர்டிஎம்பிஎஸ் வழியா கோயிலோட பழைய பேஸ்புக் பக்கத்துக்கு விட்டான் மச்சான். தேர் லயத்துக்கு வந்து திரும்புற வரைக்கும் நிக்கல. அத்த பாத்தா.

பூட்டினவர்கிட்ட பொக்ஸ திருப்பி எடுத்துக்கிட்டு காசக் குடுங்கன்னு தலைவர் மாமாவும் நானும் போய்க் கேட்டோம். "பாவிச்ச சாமான எப்பிடிங்கய்யா திருப்பி எடுக்கிறது"ங்கிறாரு, பாவிச்ச சாமான வித்தவரே! வாரண்டி கார்ட் கேட்டா தாறேன் தாறேன்னு இழுக்கிறாரு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு குடுத்திருக்கோம், 1977ங்கிறது அவங்க நம்பர், நீங்களும் எடுக்கலாம். அங்க பில் தான் பேசும், அதனால மொடல், சீரியல், புதுசா பழசா, எத்தன மாசம் வாரண்டி, இதெல்லாம் பில்லுல எழுதி வாங்காம கடைய விட்டு எறங்காதீங்க. காசையும் முழுசா குடுக்காதீங்க. ஒங்க தோட்டத்துல, ஒங்க ரவுட்டர்ல, ஒங்க ஜிமெயில்ல தெறந்த சேனல்ல, சாயந்தர நேரம் ஒரு மணித்தியாலமாவது ஓடி, வெளிநாட்டுல இருக்கிற ஒருத்தர் நல்லா தெரியுதுன்னு சொன்ன பின்னாடி மிச்சத்த குடுங்க. நல்ல தொழில்காரர்னா இதுக்கு மறுக்க மாட்டாரு. அவரு போன ஒடனே பொக்ஸ் பாஸ்வேர்டயும் யூடியூப் ஸ்ட்ரீம் கீயயும் மாத்திடுங்க, அந்தக் கீ யாருகிட்ட இருந்தாலும் அவங்க ஒங்க சேனல்ல என்னத்தயும் லைவா விடலாம்.

எங்க தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரு விசயம். அந்தப் பழைய சேனல் இன்னும் கோயில் பேருல அவரோட கையில தான் இருக்கு, யூடியூப்புக்கு ரிப்போர்ட் பண்ணியிருக்கோம், இன்னும் தூக்கல. அதுல லைவ் வந்தாலும், கோயில் நிதின்னு எக்கவுண்ட் நம்பர் வந்தாலும், அது நாங்க இல்ல, ஒரு ரூபா கூட அனுப்பாதீங்க. புது சேனல் லிங்க்க கொமிட்டி வட்ஸ்அப் குரூப்புல தலைவர் மாமா நம்பர்ல இருந்து மட்டும் தான் போடுவோம், வெளிநாட்டுல இருக்கிற ஒங்க ஆளுங்களுக்கும் இத இப்பவே சொல்லிடுங்க.