ஸ்பானிஷ் வகுப்பில் ஐந்து நிமிட ஓய்வு: எந்த விளையாட்டு?

எண்பது நிமிட இரட்டைப் பாடவேளையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வினைத்திரிபு அட்டவணையை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பாதியிலேயே கண் செருகிவிடும். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் விளையாட விட்டால்தான் மீதிப் பாடம் ஓடும். சென்னையில் ஸ்பானிஷ் கற்பிக்கும் நான் நான்கு விளையாட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது பெரும்பாலும் ஒன்றோடு நின்றுவிட்டேன்.

‘சிமோன் தீசே’ எல்லோருக்கும் தெரிந்தது. ‘சிமோன் சொல்கிறான்’ என்று தொடங்கும் கட்டளைக்கு மட்டும் அசைய வேண்டும். ஏவல் வினைகள் நன்றாகப் பதியும். ஆனால் தவறியவர் ஆட்டத்தை விட்டு உட்கார வேண்டும். முதலில் உட்காருவது அநேகமாக மொழியில் பின்தங்கிய பிள்ளைதான். ஓய்வு என்ற பெயரில் இன்னொரு தேர்வு!

‘மார் இ தியெர்ரா’, அதாவது கடலும் தரையும், நம் ‘குளமா கரையா’ ஆட்டமேதான். விதி சொல்லவே தேவையில்லை, கோடு கிழித்தால் போதும். பெஞ்சுகள் நிறைந்த அறையில் கோடு எங்கே கிழிப்பது என்பதுதான் சிக்கல். தாழ்வாரத்துக்குப் போனால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார்.

லொத்தெரியா அழகான ஆட்டம். மெக்சிகோவில் 1887இல் கிளமெந்தே ஜாக் என்ற பிரெஞ்சுக்காரர் அச்சிட்டு விற்கத் தொடங்கிய சீட்டுகள்தான் இன்றும் புகழ்பெற்றவை. சேவலில் தொடங்கித் தவளையில் முடியும் 54 படங்கள். ஒவ்வொருவர் பலகையிலும் 16 கட்டங்கள். ஒருவர் சீட்டை எடுத்துப் படத்தின் பெயரைச் சொல்ல, தன் பலகையில் அந்தப் படம் இருப்பவர் அதை மறைக்க வேண்டும். மெக்சிகோவில் பீன்ஸ் விதை வைத்து மறைப்பார்கள், நான் புளியங்கொட்டை கொடுப்பேன். பெயர்ச்சொற்கள் தாமாகவே மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இவ்வளவு இருந்தும் இதை நான் ஓய்வு நேரத்துக்கு எடுப்பதில்லை. நான்கு கட்டம் வரிசையாக நிறைந்தால் வெற்றி என்பதால், நாலாவது சீட்டிலேயே ஆட்டம் முடியலாம், இருபது சீட்டு தாண்டியும் இழுக்கலாம். பலகைகளைப் பரப்பி, பெஞ்சடியில் உருண்ட புளியங்கொட்டையைப் பொறுக்கி முடிப்பதற்குள் பாடம் மறந்துபோகும்.

எனக்கு இந்த ஒரு கேள்விதான் முக்கியம்: ஆட்டம் தானாக முடியுமா? ஆசிரியர் நடுவில் நிறுத்தும் ஆட்டம் எதுவானாலும் “மிஸ், இன்னும் ஒரே ஒரு தடவை” என்ற கெஞ்சலில்தான் போய் நிற்கும். அந்தக் கெஞ்சலைச் சமாளிப்பதிலேயே இன்னும் ஐந்து நிமிடம் போய்விடும்.

கல், காகிதம், கத்தரி இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஸ்பானிஷில் ‘பியெத்ரா, பப்பெல் ஓ திஹேரா’. இருவர் இருவராகக் கை நீட்டுவார்கள். தோற்றவர் உட்கார மாட்டார், வென்றவருக்குப் பின்னால் நின்று அவர் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துவார். வென்றவர் தன் படையோடு அடுத்தவரைத் தேடிப் போவார். வகுப்பில் 32 பேர் என்றால் 16 ஜோடி, பிறகு 8, 4, 2, 1. ஐந்தே சுற்று. இறுதியில் இருவர் மோதும்போது ஒவ்வொருவர் பின்னாலும் 15 பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். யார் வென்றாலும் அதற்கு மேல் ஆட எதுவும் இல்லை.

சாமான் ஒன்றும் வேண்டாம், பெஞ்சு இடுக்கிலேயே ஆடலாம். மொழி கொஞ்சம்தான் புழங்கும்: சமனானால் ‘ஓத்ரா வெஸ்’, வென்றால் ‘கனே’, தோற்றால் ‘பெர்தீ’. ஓய்வுக்கு அது போதும். சலித்துவிட்டால் நாட்டை மாற்றிக்கொள்ளலாம். சிலியில் இதே ஆட்டம் ‘கச்சிப்பூன்’. பெருவிலோ ‘யான் கென் போ’, அங்கே குடியேறிய ஜப்பானியர் கொண்டுவந்த பெயர். வென்ற பிள்ளைக்கு ஒரு சலுகை உண்டு: பத்திலிருந்து பூஜ்யம் வரை ஸ்பானிஷில் இறங்குவரிசையில் எண்ணலாம். அதற்குள் எல்லோரும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் சொன்னால் நகராதவர்கள் அந்தப் பிள்ளை எண்ணினால் ஓடுகிறார்கள்.

சத்தம் கொஞ்சம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் இதை அவ்வளவாக ஆடவைத்ததில்லை, ஆகவே அவர்களுக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் நானும் ஒரு கை சேர்ந்துகொள்வேன்.

லொத்தெரியாப் பெட்டியை விடுமுறைக்கு முந்தைய நாளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். அன்று பாடம் நடக்காது, புளியங்கொட்டைகளை எண்ணி வாங்கவும் நேரம் இருக்கும்.