நாதஸ்வரத்துக்கு வயர்லெஸ் கிளிப் மைக் வாங்கப் போறீங்களா? 8,500 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

கோபம் அடங்குறதுக்கு முன்னாடியே எழுதுறேன். மதுரை டவுனுக்குள்ள சவுண்ட் சர்வீஸ் சாமான் விக்கிற கடை ஒண்ணு. பேர் போடலை. அங்க வாங்குன கிளிப் மைக்கால 8,500 ரூபாயும் போச்சு, முகூர்த்தத்துல மரியாதையும் போச்சு.

நம்ம தொழில்ல இருக்கவங்களுக்குத் தெரியும். மண்டபத்துல ஸ்டாண்டு மைக் வச்சா வீடியோக்காரங்க நகட்டி வச்சிட்டுப் போயிருவாங்க. மாப்பிள்ளை அழைப்புக்கு நடந்துக்கிட்டே வாசிக்கணும். தவிலுக்கு மைக் வச்சு ஏத்தி விட்டா நாயனம் அமுங்கிப்போகுது. அதுக்காகத்தான் அணசுல, அதாவது நாயனத்தோட அடியில விரிஞ்சிருக்கிற வாய்ப் பகுதியில, மாட்டுற மைக் தேடிப் போனேன்.

கடையில இருந்த தம்பி அம்புட்டு மரியாதை. சேர் எடுத்துப் போட்டு, டீ சொல்லி, "சாக்ஸபோன்காரங்க எல்லாரும் இதைத்தாண்ணே வாங்குறாங்க, நாதஸ்வரத்துக்கு இன்னும் அருமையா இருக்கும்"னார். நாயனத்தைக் கொண்டுபோயிருந்தேன். அவரே மாட்டிவிட்டார். கண்ணாடி ரூமுக்குள்ள, மைக் அனுப்புறதை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற ரிசீவர் கைக்கெட்டுற தூரத்துல இருக்க, கொஞ்சம் மோகனம் வாசிச்சேன். சுத்தமா வந்துச்சு. அவர் கண்ணை மூடிக் கேட்டுட்டு, "என் கல்யாணத்துக்கு நீங்கதாண்ணே வாசிக்கணும்"னார். இப்படிச் சொல்ற ஆளை எப்படிங்க சந்தேகப்படுறது? 8,500 ரூபாயை அங்கயே ஜிபேல அனுப்பினேன். பில் கேட்டதுக்கு, "சிஸ்டம் ஓடலைண்ணே, வாட்ஸப்புல அனுப்புறேன், ஒரு வருஷம் வாரண்டி, நான் இருக்கேன்ல"ன்னு சொல்லி, பேனாவால எழுதுன துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அந்த பில் இன்னிக்கு வரைக்கும் வரலை.

திருமங்கலம் பக்கம் கல்யாணம். மண்டபம் காலியா இருக்கிறப்ப ஓரளவு ஓடுச்சு. மேல் ஸட்ஜம், அதாவது மேல 'ஸ' ஸ்வரத்துக்குப் போனா மட்டும் ஸ்பீக்கர்ல கரகரன்னு உடைஞ்சுது. பேச்சுக்குப் போடுற மைக்கு அது, நாயனத்தோட சத்தத்தைத் தாங்காது. கூட்டம் நிறைய நிறைய விட்டுவிட்டு வந்துச்சு. கெட்டிமேளம்னு ஐயர் கை காட்டுனதும் சுத்தமா நின்னுபோச்சு. ஸ்பீக்கர்ல வெறும் தவில் மட்டும். கல்யாண வீடியோவுல தாலி கட்டுற நேரம் நாயனமே இல்லை. பொண்ணோட பெரியப்பா மேடைக்குக் கீழ நின்னு, "காசு வாங்கிட்டு வாசிக்காம இருக்கீங்களா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து ரிசீவரைத் திருப்பிப் பார்த்தா விஷயம் புரிஞ்சுது. பெட்டியில யூஹெச்எஃப்னு, அதாவது மேடைக்குப் போடுற வயர்லெஸ் மைக் வழக்கமா ஓடுற அலைவரிசைன்னு, கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ரிசீவர் அடியில பொடி எழுத்துல 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபையும் புளூடூத்தும் ஓடுற அதே அலைவரிசை. அத்தனை பேர் பையிலயும் போன் இருக்கிற மண்டபத்துல, குறுக்க ஆள் நின்னாலே மறிச்சிரும். பெட்டி மேல இருக்கிற கம்பெனி பேர் மைக்குல எங்கயும் இல்லை.

அதைவிட வயித்தெரிச்சல் அணசு. கிளிப்போட வாயில ஒட்டியிருந்த ரப்பர் கழண்டு விழுந்து, உள்ள இருந்த தகரப் பல்லு மரத்துல பதிஞ்சிருச்சு. விளிம்புல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வெட்டு, நகத்தை வச்சா உள்ள இறங்குது. எங்க அப்பா வாசிச்ச நாயனம் அது. இதுக்கு எந்த வாரண்டி?

போன் போட்டேன். முதல்ல "சார்ஜ் ஃபுல்லா போட்டீங்களா?" அப்புறம் "உங்க மிக்ஸர்லதான் கோளாறு." நேர்ல போனா "ஓனர் திருச்செந்தூர் போயிருக்கார்." வீடியோ அனுப்பச் சொன்னாங்க, அனுப்பினேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்லை. கடைசியா இன்னிக்குக் காலையில அதே தம்பி, என் கல்யாணத்துக்கு வாசிங்கன்னு சொன்ன அதே ஆள், "நாதஸ்வரத்துக்குன்னு நாங்க சொல்லவே இல்லையே சார், எலக்ட்ரானிக் ஐட்டம் ரிட்டர்ன் எடுக்கிறதில்லை"ங்கிறார். அண்ணன் சார் ஆயிட்டேன். 8,500 ரூபாய்ங்க. சீசன் இல்லாத மாசத்துல எங்க வீட்டு மளிகையே அதுலதான் ஓடும்.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், மனசு ஒரு நிலையில இல்லை. இதை மட்டும் பாருங்க. பெட்டியை நம்பாம ரிசீவர் அடியில என்ன அலைவரிசைன்னு படிங்க. கடைக்குள்ள மட்டும் வாசிக்காம, ரிசீவரை உள்ள வச்சிட்டு ரோட்டுக்கு வந்து மேல் ஸ்தாயில வாசிங்க. கிளிப்புல ரப்பர் இருந்தாலும் துணி சுத்தாம அணசுல மாட்டாதீங்க. சத்தம் துளை வழியாவும் வருது, அதனால மைக்கோட கழுத்து வளைஞ்சு துளைப் பக்கம் திரும்புதான்னு பாருங்க. பிரிண்ட் போட்ட பில் கையில வராம பணம் அனுப்பாதீங்க.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் சொல்லியிருக்கேன். துண்டுச் சீட்டு, ஜிபே விவரம், மண்டபத்து வீடியோ எல்லாம் வச்சிருக்கேன். அதுல நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்க கட்டணம் கிடையாது. அந்த 8,500 ரூபாயை நான் விடப்போறதில்லை.