அக்கா மகளுக்கு ஒரு பழைய கேமரா: மூன்றில் எது?

"மாமா, போன் இருக்கு, எனக்குக் கேமராதான் வேணும்" என்றாள் அக்கா மகள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது, செகண்ட் ஹேண்ட்தான். தேடியதில் மூன்று தேறின: நிக்கான் டி3300, சோனி ஏ6000 (இரண்டும் 2014), கேனான் 200டி (2017). மூன்றிலும் படத்தைப் பதியும் சென்சார் ஏபிஎஸ்-சி என்கிற அளவு, 24 மெகாபிக்சல். அதனால் படத்தின் தரத்தை வைத்துச் சண்டை போட ஒன்றுமில்லை.

கையில் எடுத்ததும் மயக்குவது சோனி. பேட்டரியோடு 344 கிராம்தான், நொடிக்கு 11 படம் எடுக்கும். பள்ளி ஸ்போர்ட்ஸ் டேக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒரு சார்ஜில் 350 படம் தாண்டுவதே கஷ்டம், வெளி மைக் செருக இடமில்லை. அதைவிட, பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) மலிவாகக் கிடைத்தாலும் அதன் லென்ஸ்கள் பழசானாலும் விலை இறங்குவதில்லை. பிள்ளைகள் படம் பிடிக்கக் கற்றுக்கொள்வது இரண்டாவது லென்ஸில்தான் என்பது என் கட்சி. அந்த லென்ஸை எட்ட முடியாமல் பாடியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நிக்கான்தான் மூன்றில் விலை குறைவு. பேட்டரி 700 படம் வரை தாங்கும். நான் பல வருடமாக நிக்கான்காரன், மனசு அங்கேதான் சாய்ந்தது. ஆனால் இதில் வைஃபை இல்லை, திரை திரும்பாது. திரையைப் பார்த்துப் படம் எடுத்தால் ஃபோகஸ் நத்தை வேகம். போனில் பழகிய பிள்ளை வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) கண் வைப்பதற்கு முன்னால் திரையைத்தான் பார்க்கும். இன்னொன்று, பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனக்குள் மோட்டார் இல்லாத பழைய 50 எம்எம் 'டி' லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 50 எம்எம்மில் மோட்டாரோடு வரும் 'ஜி' என்று போட்டிருப்பதைத் தேட வேண்டும்.

200டியில் வியூஃபைண்டர் வழியாக 9 ஃபோகஸ் புள்ளிகள்தான். ஓடுகிறவர்களைப் பிடிப்பதில் இது சோனி பக்கம்கூட வராது. ஆனால் திரை தொடுதிரை, எந்தப் பக்கமும் திரும்பும். முகத்தைத் தொட்டால் போதும், ஃபோகஸ் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். வைஃபை உண்டு, மைக் செருகலாம். கேனானின் 50 எம்எம் எஸ்டிஎம் (உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ள) லென்ஸ் 160 கிராம்தான், பழையது நிறையவே கைமாறுகிறது. சரி, இதுதான் என்று முடிவு செய்தேன்.

வாங்கும்போதுதான் வேலை அதிகம். நிக்கானில் ஒரு படம் எடுத்து அந்த ஃபைலைப் பார்த்தாலே ஷட்டர் கவுன்ட், அதாவது அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கு, தெரிந்துவிடும். கேனான் படத்துக்குள் அதை எழுதுவதில்லை. அதனால் தடயம் பார்த்தேன்: பிடியின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா, மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று. உரிந்திருந்தால் கல்யாண வீடுகளுக்குப் போய் வந்த கேமராவாக இருக்கலாம். அப்புறம் லென்ஸைக் கழற்றிப் பின்னாலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். பாடி சுத்தம். கேமராவோடு வந்த கிட் லென்ஸுக்குள் சிலந்தி நூல்போல ஃபங்கஸ் (பூஞ்சை). சென்னை ஈரக்காற்றில் பீரோவுக்குள் பூட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும்.

"துடைச்சா போயிடும் சார்" என்றார் விற்றவர். லென்ஸ் வேண்டாம் என்று விலையைக் குறைத்துப் பாடியை மட்டும் வாங்கி, வேறொருவரிடம் 50 எம்எம் வாங்கினேன். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் தனி.

கேனானின் சின்ன சென்சாரில் அந்த 50 எம்எம் லென்ஸ், ஃபுல்-ஃபிரேம் என்கிற பெரிய சென்சாரில் 80 எம்எம் காட்டும் அளவுக்குத்தான் காட்டும்: காட்சி குறுகி, எல்லாம் கிட்டத்தில் தெரியும். இப்போது ஹாலில் பாட்டியை முழுசாக ஃபிரேமுக்குள் கொண்டுவர, பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டு என்னைத் திட்டுகிறாள் அக்கா மகள்.