சாதாரண செஞ்சாவா, ஃபுகாமுஷியா? கியோகுரோவுக்கு எப்போது போகலாம்?

ஜப்பானிய கிரீன் டீ வாங்கப் போனால் முதலில் கைக்கு வருவது செஞ்சாதான். செஞ்சாவிலேயே சாதாரணம், ஃபுகாமுஷி என்று இரண்டு வழிகள் உண்டு. பறித்த இலையை எத்தனை வினாடி ஆவியில் வைத்தார்கள் என்பதில் அவை பிரிகின்றன. 1738-இல் உஜி பகுதியின் நகதானி சோஎன் உருவாக்கியதாகச் சொல்லப்படும் முறை, ஆவி காட்டி, உருட்டி, உலர்த்துவது. சாதாரண செஞ்சாவுக்கு இன்றும் ஆவி அரை நிமிடம் சொச்சம்தான். ஃபுகாமுஷிக்கு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் வரை. ஷிசுவோக்காவின் மகினோஹாரா மேட்டுநிலத்தில் வெயில் குடித்துத் தடித்த இலையின் துவர்ப்பை அடக்கப் பிறந்த வழி இது.

இரண்டையும் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். சாதாரண செஞ்சா சவுக்கு ஊசி மாதிரி நீளமாக, கரும்பச்சையாகப் பளபளக்கும். ஃபுகாமுஷி நொறுங்கிய கறிவேப்பிலை போல, அடியில் தூளோடு இருக்கும். அதிக நேரம் வெந்த இலை உருட்டும்போது உடைந்துவிடுவதே காரணம். கோப்பையிலும் அதே கதைதான்: முன்னது தெளிந்த மஞ்சள்பச்சை, மூக்கில் புல்வாசம், நாக்கின் ஓரத்தில் மெல்லிய துவர்ப்பு. பின்னது கலங்கிய அடர்பச்சை, கொழகொழப்பு, இனிப்பு. வாசனை மட்டும் ஒரு படி கம்மி.

அளவு இரண்டுக்கும் ஒன்றே: 5 கிராம் இலை, 200 மில்லி தண்ணீர், 75 டிகிரி. நேரம்தான் மாறும். சாதாரணத்துக்கு 60 வினாடி, ஃபுகாமுஷிக்கு 30 முதல் 40. தெர்மாமீட்டர் இல்லையென்றால், கொதித்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து குளிர்ந்த இன்னொன்றுக்கு ஊற்றும் ஒவ்வொரு முறையும் சுமார் 10 டிகிரி இறங்கும் என்று கணக்கு வையுங்கள். இரண்டு, மூன்று ஆற்று போதும். கொதிநீரை நேரே ஊற்றினால் துவர்ப்பு தரும் கேட்டகினும் கசக்கும் கஃபீனும் மொத்தமாக இறங்கிவிடும். சுவை தரும் தியானைன் குறைந்த சூட்டிலேயே கரையும் என்பதால் அவசரம் வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில்: ஒரே இலையில் இரண்டு, மூன்று முறை தண்ணீர் ஊற்றி வடிக்கும்போது, முதல் ஊற்றில் கடைசிச் சொட்டு வரை வடிக்காமல் விடுவது. டீ பானையில் தேங்கிய தண்ணீரில் இலை ஊறிக்கொண்டே கிடந்தால் இரண்டாம் கோப்பை கசாயம்தான். ஒரே ஊற்றை இரண்டு கோப்பையில் பிரிப்பதென்றால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பின்னால் வருவது அடர்த்தி. வடித்ததும் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் இலை புழுங்காது. இரண்டாம் ஊற்றுக்குத் தண்ணீர் இன்னும் சூடாக, நேரம் 10 வினாடி.

ஃபுகாமுஷியின் தொல்லை வடிகட்டி. சங்கிலியில் தொங்கும் உருண்டை வடிகட்டியில் போட்டால் தூள் அடைத்துக்கொள்ளும், இலை விரியவும் இடமிருக்காது. வாயகன்ற, நுண்கண்ணி எஃகு வலை வேண்டும். பானையைக் குலுக்கவும் கூடாது.

தண்ணீரும் ஒரு கட்சி. உப்பான போர் தண்ணீரில் சாதாரண செஞ்சா சப்பென்று செத்துப்போகும். ஃபுகாமுஷி ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஜப்பானில் பெரும்பாலும் மென்னீர். நமக்கு ஆர்.ஓ. தண்ணீர் சரிப்படும்.

கியோகுரோவும் ஜப்பானிய கிரீன் டீதான், ஆனால் வேறு சாதி. பறிப்பதற்கு முன் ஏறத்தாழ 20 நாள் தோட்டத்துக்கே நிழல்பந்தல் போடுவார்கள். வெயில் பட்டால் தியானைன் கேட்டகினாக மாறும், நிழல் அதைத் தடுக்கிறது. 5 கிராமுக்கு வெறும் 60 மில்லி, 50 முதல் 55 டிகிரி, இரண்டு நிமிடம். கிடைப்பது நாலைந்து மிடறு. கடற்பாசி வாசம், சூப் போன்ற கனம். டம்ளர் நிறையக் குடிக்கிறவருக்கு இது காசுக்குப் பிடித்த கேடு. மூன்று ஊற்று முடிந்த சக்கையில் சொட்டு சோயா சாஸ் விட்டுச் சாப்பிடலாம், மென்மையாகவே இருக்கும்.

தினமும் காலையில் குடிக்க ஒரே ஒரு பாக்கெட் என்றால் ஃபுகாமுஷி வாங்குங்கள். சூடு ஐந்து டிகிரி தவறினாலும் மன்னிக்கும். சுவை பிரித்தறிந்து பழக சாதாரண செஞ்சாதான் நல்ல வாத்தியார், ஒவ்வொரு தப்பையும் நாக்கில் காட்டிக்கொடுக்கும். அது கைவந்தபின் கியோகுரோ. எதுவானாலும் 50 கிராம் பாக்கெட்டாக வாங்கி, திறந்தால் ஒரு மாதத்தில் முடியுங்கள். பிரிக்காத பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்தபின்பே வெட்டுங்கள்; இல்லாவிட்டால் இலையில் நீர் கோத்துக்கொள்ளும்.