குடிநீரில் ஃப்ளோரைடு: கலப்பதா, தடுப்பதா?

1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம், பற்சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃப்ளோரைடு என்ற தாதுப்பொருளைக் கலக்கத் தொடங்கியது. 2025இல் யூட்டா மாநிலம் அதைத் தடை செய்தது. புளோரிடாவும் அதே வழியில் போனது.

கலப்பதன் பலம் எளிமை. பல் மருத்துவரிடம் போக வழியில்லாத குழந்தைக்கும் குழாயைத் திறந்தாலே பாதுகாப்பு. ஆனால் ஃப்ளோரைடு பற்பசை பரவிய பிறகு அந்தக் கூடுதல் பயன் சுருங்கிவிட்டது. ஆதரவாளர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை.

தடை கோருவோர் மூளை வளர்ச்சியைச் சுட்டுகிறார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைகளின் நுண்ணறிவு குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்று 2024இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் கூறியது உண்மைதான். அங்கே பரிந்துரைக்கப்படும் அளவோ 0.7, அந்த அளவைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை கூறியது. "எங்களைக் கேட்காமல் ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று தடை கோருவோர் எழுப்பும் இன்னொரு கேள்விதான் எனக்கு வலுவாகப் படுகிறது.

கனடாவின் கால்கரி 2011இல் கலப்பதை நிறுத்தியது. தொடர்ந்து கலந்துவந்த எட்மண்டன் நகரைவிடக் கால்கரியில் குழந்தைகளிடம் பற்சொத்தை கூடியது. 2025இல் மீண்டும் கலக்கத் தொடங்கினார்கள். மாற்று ஏற்பாடு இல்லாமல் தடை மட்டும் போடுவதென்றால், நான் கலக்கும் பக்கமே நிற்பேன். நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்த இடங்களுக்கு இந்த விவாதமே பொருந்தாது. அங்கே அதை நீக்குவதுதான் வேலை.