உப்புக்காற்றுக்கு எந்தக் கேமரா? குமரி மாவட்டம் சுற்ற நான்கு ஜோடிகள்

ஆடி மாதக் காற்றில் முட்டம் பாறை மேல் அரை மணி நேரம் நின்றுவிட்டு, லென்ஸின் முன்கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வெள்ளைப் படலம் படிந்திருக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அலை பாறையில் மோதித் தெறிக்கும் பொடித் துளியில் இருக்கும் உப்பு அது. கண்ணாடியில் படிந்ததைத் துடைத்துவிடலாம். பட்டன் இடுக்கிலும் ஜூம் வளையத்துக்குள்ளும் போனதைத் துடைக்க முடியாது. கடை விளம்பரமும் யூடியூப் விமர்சனமும் மெகாபிக்சலைப் பற்றி மணிக்கணக்கில் பேசும். இந்தப் படலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இந்த ஒப்பீட்டில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டாவது விஷயம், நம் மாவட்டம் சின்னது. விடியற்காலை தோவாளைப் பூச்சந்தை, வெயில் ஏறியதும் பத்மநாபபுரம் அரண்மனை, மதியத்துக்கு மேல் திற்பரப்பு, சாயங்காலம் கன்னியாகுமரிக் கடற்கரை என்று ஒரே நாளில் ஓடி முடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு இடமும் கேமராவிடம் கேட்பது வேறு. சந்தையில் நெரிசலும் டியூப் லைட்டும், அரண்மனையில் இருட்டு, அருவியில் சாரல், கடற்கரையில் மணல். சொத்தவிளையில் காற்று வீசும்போது லென்ஸைக் கழற்றி மாற்றுகிற தைரியம் எனக்கு இல்லை. ஆகவே ஒரு பாடி, ஒரு ஜூம் லென்ஸ் என்று ஜோடியாகவே பார்க்கிறேன்.

களத்தில் நான்கு ஜோடிகள். (லென்ஸ் பெயரில் மி.மீ. எண் ஏற ஏறத் தூரத்துப் பொருள் கிட்டே தெரியும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்.) சோனி ஏ6700 பாடியுடன் சிக்மா 18-50 மி.மீ. எஃப்/2.8. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்20 பாடியுடன் அவர்களுடைய எக்ஸ்எஃப் 16-50 மி.மீ. எஃப்/2.8-4.8. ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 பாடியுடன் 12-45 மி.மீ. எஃப்/4 ப்ரோ. நிக்கான் இசட்50-இன் இரண்டாம் பதிப்புடன் 18-140 மி.மீ. முதல் மூன்றிலும் பாடிக்குள்ளேயே கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் உண்டு. நிக்கான் பாடியில் அது இல்லை, லென்ஸில் இருக்கிறது.

எடையில் சண்டைக்கு இடமே இல்லை. ஓஎம் ஜோடி சுமார் 670 கிராம், ஃபூஜி 730, சோனி 780, நிக்கான் 865. முதலுக்கும் கடைசிக்கும் நடுவே இருப்பது ஒரு ஏத்தம்பழத்தின் எடை. சிதறால் மலை ஏறும்போது மூச்சு வாங்கினால் அதற்குக் காரணம் கேமரா இல்லை.

உப்புக்கு வருவோம். நான்கில் தூசிக்கும் நீருக்கும் எண் போட்டு உத்தரவாதம் சொல்வது ஓஎம்-5 மட்டும்: ஐபி53. தூசி உள்ளே போய் வேலையைக் கெடுக்காது, சாய்வாக அடிக்கும் தூறலைத் தாங்கும் என்பது அதன் பொருள். அலை வந்து மேலே விழுந்தால் தாங்கும் என்று பொருள் இல்லை. 12-45 லென்ஸும் சீல் செய்யப்பட்டதுதான், ஆகவே ஜோடியாகவே தாங்கும். சோனி ஏ6700 தூசியையும் ஈரத்தையும் ஓரளவு தடுக்கும் அமைப்பு என்று சொல்லிக்கொள்கிறது, எண் தருவதில்லை. கூடச் சேரும் சிக்மாவில் பாடியோடு சேரும் இடத்தில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கிறது. முன்பக்கமும் ஜூம் வளையமும் திறந்த வீடு. அதற்குப் பதிலாக டாம்ரான் 17-70 மி.மீ. எஃப்/2.8 போட்டால் ஈரத் தடுப்பு உண்டு, லென்ஸிலும் ஸ்டெபிலைசேஷன் உண்டு. ஆனால் லென்ஸ் மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் போய்விடும்.

ஃபூஜி கதைதான் வேடிக்கை. எக்ஸ்எஃப் 16-50 லென்ஸ் மழை தாங்கும். எக்ஸ்-எஸ்20 பாடி தாங்காது. மழை தாங்கும் ஃபூஜி வேண்டுமென்றால் எக்ஸ்-டி5க்குப் போக வேண்டும், விலையும் கூடவே ஏறும். நம்மூரில் தென்மேற்குப் பருவமழை ஒன்று, வடகிழக்கு ஒன்று என இரண்டும் கொட்டித் தீர்க்கும். எக்ஸ்-எஸ்20 வாங்குகிறவர் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருப்பது நல்லது. நிக்கானையும் நான் உறை போடாமல் சாரலில் எடுக்க மாட்டேன்.

இந்தச் சுற்றில் ஓஎம்-5 தனியாக ஓடி ஜெயிக்கிறது. திற்பரப்பில் இன்னும் ஒரு படி முன்னால் போகிறது. அருவித் தண்ணீர் பட்டு நூல் மாதிரி இழைய வேண்டுமென்றால் ஷட்டர் கால் நொடியாவது திறந்திருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் அப்படித் திறந்தால் படம் வெளுத்துப்போகும். அதற்காகத்தான் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரை முன்னால் மாட்டுவார்கள். ஓஎம்-5இல் அந்த வேலையை மென்பொருளே செய்கிறது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வரை வெளிச்சத்தைக் குறைத்த விளைவைத் தந்துவிடும். பாடியின் ஸ்டெபிலைசேஷனும் பலமானது, டிரைபாடு இல்லாமலே கையில் பிடித்து எடுக்கலாம். குளிக்கிற கூட்டத்துக்கு நடுவே டிரைபாடை விரித்து வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அரண்மனைக்குள் நுழைந்ததும் கணக்கு தலைகீழாகிறது. பத்மநாபபுரத்தில் மர ஜன்னல் சட்டங்கள் வழியாகக் கோடு கோடாக வரும் வெளிச்சம்தான் இருக்கும். தர்பார் மண்டபத்தின் கறுப்புத் தரையில் அந்தக் கோடுகள் அப்படியே பிரதிபலிக்கும். அந்தப் படத்துக்காகவே ஒரு முறை போகலாம் (திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை). இங்கே எஃப்/2.8க்கும் எஃப்/4க்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம். அதோடு ஓஎம்-5இன் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் (படம் பதியும் சில்லு), சோனியின் ஏபிஎஸ்-சி சென்சாரைவிடப் பரப்பில் சிறியது. அதனால் இன்னும் முக்கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். மொத்தத்தில் சோனி-சிக்மா ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 1600இல் எவ்வளவு சுத்தமாக எடுக்குமோ, அதே சுத்தத்தை அதே ஷட்டர் வேகத்தில் ஓஎம் ஜோடியிடம் எதிர்பார்க்க முடியாது. 3200 வரை ஏற்றித்தான் எடுக்க வேண்டும், சோனியில் 5000 வைத்த அளவுக்கு மணல் மணலாக இரைச்சல் தெரியும்.

தரையும் தூணும் அசையாது. அங்கே ஓஎம்-5இல் ஷட்டர் வேகத்தைக் குறைத்து, ஸ்டெபிலைசேஷனை நம்பிச் சமாளித்துவிடலாம். ஆட்கள் அசைவார்கள். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டத்தன்று கூட்டத்துக்குள் நின்று எடுக்கிறோம், அல்லது மண்டைக்காடு கொடைக்கு இரவில் போகிறோம் என்றால் எந்த ஸ்டெபிலைசேஷனும் முகத்தை நிறுத்தித் தராது, எஃப்/2.8தான் தரும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸில் ஏ6700 நான்கிலும் கெட்டி. ஓஎம்-5இன் ஃபோகஸ் அமைப்பு ஒரு தலைமுறை பழையது, ஓடுகிற பிள்ளைகளிடம் தோற்கும். (கோயிலுக்குள் எடுக்கலாமே என்று கனவு காணாதீர்கள், அங்கே எந்தக் கேமராவுக்கும் இடமில்லை.)

தோவாளையிலும் சோனி ஜோடிக்கே என் ஓட்டு. மாணிக்க மாலை கட்டுகிறவரின் விரல்களுக்குப் பக்கத்தில் போய், அரளிப் பூவை மடித்து வரிசையாகக் கோத்துவரும் அந்தத் தட்டையான பின்னலை எடுக்க வேண்டும். சிக்மா, 18 மி.மீ. முனையில் சென்சாரிலிருந்து 12 சென்டிமீட்டர் தூரத்தில்கூட ஃபோகஸ் செய்யும். பூவும் தெரியும், பின்னால் சந்தையும் தெரியும். ஓஎம் 12-45ம் அதே அளவு கிட்டே போகும், ஆனால் விடியுமுன் வெளிச்சத்தில் அந்த ஒரு ஸ்டாப்புக்கு ஏங்க வைக்கும்.

கன்னியாகுமரிக்கு வந்தால் நிக்கானைத் தவிர மற்ற மூன்று ஜோடிகளும் மண்டியிடுகின்றன. வந்தவர் எல்லாரும் கேட்கிற படம் ஒன்றுதான்: 133 அடி வள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் பெரிய சிவப்புச் சூரியன். சித்தி மகன் ஒருத்தன் கேட்டான், "ஏண்ணே, ஃபோன்ல எடுத்தா மட்டும் ஏன் சூரியன் கடுகு மாதிரி தெரியுது?" "லென்ஸ் நீளம் பத்தாது மக்கா, கணக்குப் போட்டுப் பாரு" என்றேன். சென்சார் மீது விழும் சூரியனின் விட்டம், மில்லிமீட்டரில், ஏறக்குறைய ஃபோக்கல் லென்த்தை (லென்ஸின் மி.மீ. எண்ணை) 110ஆல் வகுத்தது. சிக்மாவின் 50 மி.மீ.யில் அரை மி.மீ.கூட வராது, சட்டத்தின் அகலத்தில் 2 சதவீதம். நிக்கானின் 140 மி.மீ.யில் 5 சதவீதத்துக்கு மேல். டாம்ரான் 18-300 மி.மீ. சோனிக்கும் ஃபூஜிக்கும் கிடைக்கிறது. அதன் 300 முனையில் 11 சதவீதத்தைத் தாண்டும், அப்போதுதான் சிலைக்குப் பக்கத்தில் சூரியன் சூரியனாகத் தெரியும். சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியனும் கிழக்கே நிலாவும் ஒரே நேரத்தில் தெரிவதை எடுக்க வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான், வானத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் 300 முனையில் துளை எஃப்/6.3. அதே லென்ஸோடு அரண்மனைக்குள் போனால் அழுகை வரும்.

அதனால்தான் நிக்கான் ஜோடியை நான் ஒதுக்கவில்லை. இசட்50 இரண்டாம் பதிப்பு, 20.9 மெகாபிக்சல்தான், ஏ6700இன் 26க்கு முன் சின்னதாகத் தெரியும், அச்சுப் போடுகிறவருக்கே அந்த வித்தியாசம் உறைக்கும். பாடி விலை ஒரு லட்சத்துக்குள் நிற்கிறது. ஏ6700 அதைத் தாண்டிவிடும். 18-140 ஒரே லென்ஸில் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் முழு நீளத்தையும் எடுக்கலாம், அங்கிருந்தே பாலத்தின் மேல் நடக்கிற ஆளையும் தனியாகப் பிடிக்கலாம். குறை பேட்டரி: ஒரு சார்ஜுக்குப் படம் 250ஐ ஒட்டித்தான். இரண்டாவது பேட்டரி விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். எக்ஸ்-எஸ்20 அதே அளவுகோலில் 750 வரை போகும், இதில் ஃபூஜி ராஜா.

ஃபூஜியின் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அதன் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். எடிட் செய்யப் பொறுமை இல்லாதவருக்கு அந்த ஃபிலிம் சிமுலேஷன்கள் (பழைய ஃபிலிம் ரோல்களின் நிறத்தைக் கேமராவே தரும் வசதி) பெரிய வரம். கீரிப்பாறைப் பச்சையை அப்படியே ஜேபெக்கில் தரும். வீடியோவில் நீளமாக எடுத்தால் பாடி சூடாகும், அதற்கென்றே பின்னால் மாட்டுகிற குட்டி ஃபேன் ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். நம்மூர்ச் சித்திரை வெயிலில் அது ஃபேஷனுக்கு வாங்குகிற பொருள் இல்லை. ரீல்ஸ்தான் முக்கியம் என்றால் மறுபேச்சில்லாமல் சோனி. கேனான் ஆர்50 இலகுவானது, மலிவானது. பாடியில் ஸ்டெபிலைசேஷனும் இல்லை, சீலும் இல்லை. முதல் கேமராவாகச் சரி, கடலுக்கு வேண்டாம்.

என் தேர்வு? வெளியூரிலிருந்து வந்து கடலும் அருவியும் மலையும் சுற்றுகிறவருக்கு ஓஎம்-5. வாங்கினால் 2025இல் வந்த இரண்டாம் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பழையதில் சார்ஜ் ஏற்ற மைக்ரோ யுஎஸ்பி, புதியதில் டைப்-சி. இதே ஊரில் இருந்துகொண்டு, பயணத்தோடு கொடை, கல்யாணம், பிள்ளைகள் என்று எடுக்கப்போகிறவருக்கு சோனியும் சிக்மாவும். கடலோரத்தில் உறையைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இருட்டுக்கு உறை எதுவும் கிடையாது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிற நண்பர் இருந்தால் அவரிடம் என்ன மவுண்ட் (பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்) லென்ஸ்கள் இருக்கின்றன என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சித்ரா பௌர்ணமிக்கு தூரத்தைக் கிட்டே காட்டும் ஒரு டெலி லென்ஸ் இரவல் கிடைத்தால் 18-300க்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளை கிளையாக எதாவது தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஜூம் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். நறநறவென்று சத்தம் கேட்டால் மணல் ஏற்கனவே உள்ளே குடியேறிவிட்டது. புது லென்ஸையும் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கடலுக்குப் போய் வந்த அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடியைத் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறிவிடும்.